மழையைவிட வெயிலே எதிரி: நீடித்து உழைக்கும் கார் வைப்பரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சராசரியாக 171 நாள்கள் மழை பெய்கிறது. 1991 முதல் 2020 வரையிலான வானிலைப் பதிவுகளின்படி ஆண்டு மழையளவின் சராசரி ஏறக்குறைய 2,113 மில்லிமீட்டர். சென்னையில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர்தான். அதிலும் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். இங்கோ எந்த மாதமும் குடை இல்லாமல் வெளியே போக முடியாது.

இப்படி ஓயாமல் நனையும் ஊரில், காரின் வைப்பர் மழையில் உழைத்து உழைத்தே தேய்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் மழை பெய்யாத நேரம்தான் அதற்கு அதிகக் கேடு. திறந்தவெளிக் கார் நிறுத்துமிடத்தில் கார் சும்மா நிற்கும்போது, சூடான கண்ணாடியோடு அழுந்திக் கிடக்கும் ரப்பர் விளிம்பு நாளுக்கு நாள் இறுகி, வெடித்து, வளைந்துபோகிறது. அடுத்த மழையில்தான் அது நமக்குத் தெரியவருகிறது.

எனவே வைப்பர் வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, “இது எவ்வளவு நன்றாகத் துடைக்கும்?” என்பதன்று. புதிதாக இருக்கும்போது எல்லா வைப்பரும் ஓரளவு நன்றாகவே துடைக்கும். “நம் ஊர் வெயிலில் இது எத்தனை மாதம் தாங்கும்?” என்பதே சரியான கேள்வி.

ஒரு துடைப்புக்குள் 30 மீட்டர்

வைப்பர் சிறிய பொருள்தான். ஆனால், அது தவறும்போது என்ன ஆகிறது என்பதைச் சிறு கணக்கு ஒன்று காட்டிவிடும்.

வைப்பரின் வேகமான ஓட்டம் நிமிடத்துக்குக் குறைந்தது 45 சுற்றாக இருக்க வேண்டும் என்பது அமெரிக்க வாகனப் பாதுகாப்பு விதி. அந்த வேகத்தில் வைப்பர் ஒருமுறை போய்த் திரும்ப 1.3 விநாடி ஆகும். தீவு விரைவுச்சாலையில் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார், அந்த 1.3 விநாடிக்குள் ஏறக்குறைய 30 மீட்டர் கடந்துவிடும். நம் ஊர் ஒற்றைத்தளப் பேருந்துகள் இரண்டரையை வரிசையாக நிறுத்தினால் வரும் தூரம் அது. 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் நகரச் சாலையிலும் 18 மீட்டருக்குமேல் போய்விடும்.

ரப்பர் விளிம்பில் ஒரே இடத்தில் வெடிப்பு இருந்தால், ஒவ்வொரு துடைப்பிலும் கண்ணாடியின் அதே இடத்தில்தான் கோடு விழும். அந்தக் கோடு ஓட்டுநரின் கண்மட்டத்தில் இருந்தால், மழை நிற்கும்வரை அந்த இடம் தெளியாது.

இரவில் நிலைமை இன்னும் மோசம். கண்ணாடியில் மெல்லிய நீர்ப்படலம் எஞ்சி நின்றால், எதிரே வரும் கார் விளக்கும் தெருவிளக்கும் அதில் சிதறிக் கண்ணைக் கூசச் செய்யும். தீபாவளிக்கு முந்திய வாரங்களில் சிராங்கூன் ரோடு நெடுக அலங்கார விளக்குகள் எரியும். சாலையின் இருபுறமும் கூட்டம் நிறைந்திருக்கும். அந்த நேரத்தில் மழையும் சேர்ந்துகொண்டால், கறுப்புக் குடை பிடித்துக்கொண்டு சாலையைக் கடக்கும் ஒருவர் ஓட்டுநருக்குத் தெரிவாரா இல்லையா என்பது அந்தக் கண்ணாடியைப் பொறுத்தது.

லாரிகளுக்கும் இது பொருந்தும். பின்தட்டில் ஊழியர்களை ஏற்றிச் செல்லும் லாரிகளில் மழைத்தடுப்பு உறை இருக்க வேண்டும் என்பது 2023 ஜனவரி 1 முதல் கட்டாயம். பின்னால் இருப்பவர்கள் நனையாமல் இருந்தால் மட்டும் போதாது. முன்னால் இருப்பவருக்குச் சாலை தெரிய வேண்டும். லாரி ஓட்டும் நம் ஊழியர்கள் வைப்பர் கோடு போடுவதைக் கண்டால், அதை முதலாளியிடமோ மேற்பார்வையாளரிடமோ சொல்லி மாற்றிக்கேட்பது சின்ன விஷயம் என்று தயங்க வேண்டாம். அவர்கள் கேட்பது பின்னால் அமர்ந்திருக்கும் அத்தனை பேருக்காகவும்தான்.

வாகனப் பரிசோதனையில் அகப்பட்டுவிடும் என்று காத்திருக்கவும் முடியாது. 3 ஆண்டுக்கு உட்பட்ட கார்களுக்குப் பரிசோதனை இல்லை. 3 முதல் 10 ஆண்டு வரையிலான கார்களுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் அதற்குமேல் ஆண்டுக்கு ஒருமுறையும் பரிசோதனை உண்டு. நம் வெயிலில் அந்த இரண்டு ஆண்டுக்குள் ஒரு சாதாரண வைப்பர் ரப்பர் இரண்டு மூன்று முறை கெட்டுவிடும்.

வெயில் ரப்பரை என்ன செய்கிறது?

வைப்பரின் விளிம்பு மிக மெல்லியது. கை வலப்பக்கம் போகும்போது விளிம்பு இடப்பக்கம் சாய்ந்து இழுபட வேண்டும். திரும்பும்போது சட்டென்று மறுபக்கம் சாய வேண்டும். இந்தப் புரளல் சரியாக நடந்தால்தான் தண்ணீர் வழித்தெடுக்கப்படும். அதற்கு ரப்பர் மென்மையாகவும் விளிம்பு கூர்மையாகவும் இருக்க வேண்டும்.

இயற்கை ரப்பருக்கு அந்த மென்மை உண்டு. அந்த ரப்பரின் கதையில் சிங்கப்பூருக்கும் நம்மவர்களுக்கும் பங்கு உண்டு. 1877இல் லண்டனின் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூர்ப் பூமலைக்கு வந்தன. 1888இல் பூமலையின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி, மரம் பட்டுப்போகாமல் அதிலிருந்து திரும்பத் திரும்பப் பால் எடுக்கும் வெட்டுமுறையை வகுத்தார். அதன்பின் மலாயாவில் பரவிய ரப்பர்த் தோட்டங்களில் விடியுமுன் எழுந்து பால் வெட்டியவர்களில் பெரும்பாலோர் தமிழகத்திலிருந்து வந்தவர்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் பலர் இன்று கார் ஓட்டுகிறார்கள்.

அந்த ரப்பருக்கு ஒரு பலவீனம் உண்டு. அதன் மூலக்கூறுச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்புகள் ஏராளம். காற்றிலுள்ள ஓசோன் வாயு அந்த இடங்களில்தான் தாக்கிச் சங்கிலியை அறுக்கிறது. சூரியனின் புற ஊதாக் கதிர்களும் வெப்பமும் சேர்ந்துகொள்ளும்போது மேற்பரப்பு இறுகி, மயிரிழை போன்ற வெடிப்புகள் விழுகின்றன. பழைய ரப்பர் பட்டையை வளைத்துப் பார்த்தால் தெரியுமே, அதே வெடிப்புதான்.

சிங்கப்பூர் நிலநடுக்கோட்டிலிருந்து ஒரு பாகைக்குச் சற்று அதிகத் தொலைவில் இருக்கிறது. காலை 11 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் இடையே புற ஊதாக் குறியீடு மிக உயர்ந்த நிலையை எட்டுவது இங்கு வழக்கம். சில நாள்களில் அது கடுமையான நிலை எனக் கருதப்படும் 11ஐயும் தாண்டும். குளிர்நாடுகளில் வைப்பரைக் கெடுப்பது பனிக்கட்டி. இங்கே அந்த வேலையை வெயில் செய்கிறது. குளிர்நாட்டு விளம்பரத்தில் “பனியிலும் உறையாது” என்று எழுதியிருப்பதற்காகக் கூடுதல் விலை கொடுப்பதில் நமக்குப் பயன் இல்லை.

எந்த ரப்பர் நல்லது?

கடையில் கிடைக்கும் வைப்பர்களைப் பொருளின் அடிப்படையில் மூன்றாகப் பிரிக்கலாம்.

முதலாவது, இயற்கை ரப்பர். மேலே கிராஃபைட் தூள் பூசியிருக்கும். கிராஃபைட் உராய்வைக் குறைத்து, ரப்பர் ஓசையின்றி வழுக்கிச் செல்ல உதவுகிறது. விலை குறைவு. புதிதில் மிக நன்றாகத் துடைக்கும். ஆனால், திறந்த வெயிலில் நிற்கும் காரில் ஆறு மாதத்திலேயே தளர்ச்சி காட்டலாம். புது பிளேடைத் தொட்டால் விரலில் கறுப்பாக ஒட்டுவது அந்தப் பூச்சுதான். அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிடக் கூடாது.

இரண்டாவது, செயற்கை ரப்பர் அல்லது இயற்கை ரப்பரோடு செயற்கை ரப்பர் கலந்தது. ஈபிடிஎம், குளோரோபிரீன் போன்ற பெயர்களை அட்டையில் காணலாம். இவை ஓசோனையும் வெயிலையும் இயற்கை ரப்பரைவிட நன்றாகத் தாங்கும். விலைக்கும் உழைப்புக்கும் நடுவில் நிற்கும் தேர்வு இது.

மூன்றாவது, சிலிக்கோன். இதன் சங்கிலியின் முதுகெலும்பு சிலிக்கனும் ஆக்சிஜனும் மாறி மாறி அமைந்தது. ஓசோன் தாக்குவதற்கு அதில் இரட்டைப் பிணைப்பு இல்லை. ஆகவே வெயிலில் இறுகுவதும் வெடிப்பதும் மிகக் குறைவு. துடைக்கத் துடைக்கக் கண்ணாடியில் மெல்லிய படலம் ஒன்றையும் விட்டுச்செல்லும். அதில் மழைநீர் முத்து முத்தாக உருண்டோடும்.

சிலிக்கோனுக்கும் குறைகள் உண்டு. விலை அதிகம். மணல், கல்துகள் பட்டால் எளிதில் கிழியக்கூடியது. கண்ணாடியைச் சுத்தமாகக் கழுவாமல் பொருத்தினால் அதிர்ந்து அதிர்ந்து ஓசை எழுப்பும். கட்டுமானத் தளங்களுக்குப் போய்வரும் வாகனங்களில் கண்ணாடிமேல் எப்போதும் தூசி படிந்திருக்கும். அத்தகைய வாகனங்களுக்குச் சிலிக்கோனைவிட மலிவான ரப்பரை வாங்கி அடிக்கடி மாற்றுவது நல்லது.

சுருக்கமாகச் சொன்னால், வீவக பலமாடிக் கார் நிறுத்துமிடத்தின் உள்தளங்களிலோ நிலத்தடியிலோ காரை நிறுத்துபவர்களுக்கு நல்ல கிராஃபைட் ரப்பரே போதும். மேல்தளத்திலோ திறந்தவெளியிலோ நாள் முழுவதும் நிறுத்துபவர்களுக்குக் கலவை ரப்பரோ சிலிக்கோனோ கொடுத்த காசுக்கு உழைக்கும். நாள் முழுவதும் சாலையில் இருக்கும் டாக்சி, தனியார் வாடகைக் கார் ஓட்டுநர்களும் இந்த வகையில் அடங்குவர்.

எந்த அமைப்பு நல்லது?

1903 நவம்பர் 10ஆம் தேதி அமெரிக்காவின் மேரி ஆண்டர்சன் பெற்ற காப்புரிமையில், உள்ளே இருந்தபடி ஓட்டுநர் கையால் இயக்கும் வைப்பர் விவரிக்கப்பட்டிருந்தது. அதிலும் ரப்பர் விளிம்புதான். இத்தனை ஆண்டுகளில் மோட்டாரும் தாங்கிப் பிடிக்கும் அமைப்பும் மாறிவிட்டன. கண்ணாடியை ரப்பரால் வழிக்கும் முறை மாறவில்லை. இன்று புழக்கத்தில் உள்ள அமைப்புகள் மூன்று.

இரும்புச் சட்டம் கொண்ட பழைய வகை: எலும்புக்கூடு போன்ற சட்டம் பல இடங்களில் ரப்பரைப் பிடித்து அழுத்தும். விலை குறைவு, ரப்பரை மட்டும் மாற்றலாம். மூட்டுகளில் துரு ஏறினால் அழுத்தம் சீராக இருக்காது.

தட்டை வகை: சட்டம் இல்லாமல், உள்ளே வளைந்த எஃகுப் பட்டை மட்டும் இருக்கும். 1999இல் போஷ் நிறுவனம் இதைப் பரவலாக்கியது. நீளம் முழுவதும் அழுத்தம் ஏறக்குறைய சீராக இருக்கும். காற்று வேகமாக வீசும்போது கண்ணாடியைவிட்டு எழும்பாது. விரைவுச்சாலையில் அதிகம் ஓட்டுபவர்களுக்கு ஏற்றது. ஆனால், பட்டையின் வளைவும் உங்கள் கண்ணாடியின் வளைவும் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் ஓரங்கள் கண்ணாடியில் படாமல் தண்ணீர் அப்படியே நிற்கும்.

கலப்பு வகை: உள்ளே சட்டம், வெளியே பிளாஸ்டிக் உறை. உறை வெயிலிலிருந்தும் துருவிலிருந்தும் மூட்டுகளைக் காக்கிறது. ஜப்பானியக் கார்கள் பலவற்றில் தொழிற்சாலையிலேயே இது பொருத்தப்பட்டு வருகிறது.

எதை எடுப்பது என்று குழப்பமாக இருந்தால், கார் வந்தபோது எந்த வகை இருந்ததோ அதையே வாங்குவது பாதுகாப்பான வழி. காரைச் செய்தவர்கள் கண்ணாடியின் வளைவையும் கையின் அழுத்தத்தையும் கணக்கிட்டுத்தான் அதைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள்.

அளவும் கொக்கியும்

ஓட்டுநர் பக்கத்து பிளேடும் பயணி பக்கத்து பிளேடும் பெரும்பாலான கார்களில் ஒரே நீளம் இல்லை. 26 அங்குலமும் 16 அங்குலமும் ஒரே காரில் இருக்கலாம். மில்லிமீட்டரில் சொன்னால் 650, 400. வாங்கப் போகுமுன் காரின் கையேட்டைப் பாருங்கள். இல்லையெனில் அளவுநாடாவால் இரண்டு பக்கமும் அளந்து, கைப்பேசியில் குறித்துக்கொள்ளுங்கள்.

நீளமான பிளேடு அதிக இடத்தைத் துடைக்குமே என்று ஓர் அளவு கூட்டி வாங்குவது நல்லதில்லை. இரண்டும் ஒன்றோடொன்று மோதலாம், கண்ணாடியின் விளிம்புச் சட்டத்தில் இடிக்கலாம். கையின் அழுத்தமும் அதிக நீளத்தில் பரவிக் குறைந்துவிடும்.

கொக்கியையும் பாருங்கள். கைத்தடியின் முனைபோல வளைந்த கொக்கிதான் பரவலாக உள்ளது. ஐரோப்பியக் கார்களிலும் புதிய மின்சாரக் கார்களிலும் அழுத்திப் பூட்டும் வகை, பக்கவாட்டு ஊசி வகை எனப் பல உண்டு. “எல்லாக் காருக்கும் பொருந்தும்” என்று எழுதியிருந்தாலும் பெட்டிக்குள் உங்கள் கொக்கிக்கான இணைப்பு இருக்கிறதா எனக் கேட்டு வாங்குங்கள். கைப்பேசியில் கொக்கியைப் படம் எடுத்துச் சென்றால் கடைக்காரருக்கு ஒரு நொடியில் புரிந்துவிடும்.

இணையத்தில் வாங்குபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சிங்கப்பூரில் ஓட்டுநர் இருக்கை வலப்பக்கம். அமெரிக்கா, சீனா போன்ற நாடுகளுக்கான பட்டியலில் “ஓட்டுநர் பக்கம்” என்றால் இடப்பக்கம். அதே மாடலாக இருந்தாலும் இட, வல அளவுகள் மாறியிருக்கலாம். நம் ஊர்க் காருக்கான அளவைக் கொண்டே வாங்குவது நல்லது.

விலை, கடை, கணக்கு

2023 அக்டோபரில் சிறிய கார்களுக்கான வாகன உரிமைச் சான்றிதழின் விலை 106,000 வெள்ளியை எட்டியது. அவ்வளவு கொடுத்துக் காரை வைத்திருப்பவர்கள் வைப்பருக்குச் சில பத்து வெள்ளி செலவிடத் தயங்குவது விந்தைதான். ஆனாலும், விலை கூடியது எல்லாம் நீடித்து உழைக்கும் என்றும் இல்லை.

மாதக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓர் எடுத்துக்காட்டு: 30 வெள்ளிக்கு வாங்கிய ஜோடி ஆறு மாதம் உழைத்தால் மாதத்துக்கு 5 வெள்ளி. 60 வெள்ளிக்கு வாங்கிய ஜோடி 18 மாதம் உழைத்தால் மாதத்துக்கு 3 வெள்ளி 33 காசு. அதே 60 வெள்ளி ஜோடி பத்து மாதத்தில் கெட்டால், மாதத்துக்கு 6 வெள்ளி. பொருத்திய தேதியை ஓரிடத்தில் எழுதிவைத்தால்தான் இந்தக் கணக்குத் தெரியும். அடுத்தமுறை எதை வாங்குவது என்பதை உங்கள் காரே சொல்லிவிடும்.

பணத்தை மிச்சப்படுத்த இன்னொரு வழி, ரப்பரை மட்டும் மாற்றுவது. ஜப்பானியக் கார்கள் பலவற்றின் பிளேடில் சட்டம் நன்றாக இருந்தால், உள்ளே ஓடும் ரப்பர் பட்டையை மட்டும் உருவி எடுத்துப் புதியதைச் செருகலாம். விலை பாதிக்கும் குறைவாக வரலாம், குப்பையும் குறையும். பட்டையின் நீளத்தோடு அகலத்தையும் சொல்லி வாங்க வேண்டும். 6 மில்லிமீட்டர் சட்டத்தில் 8 மில்லிமீட்டர் பட்டை ஏறாது.

பெட்ரோல் நிலையங்களில் வைப்பர் எந்நேரமும் கிடைக்கும், தெரிவுகள்தான் குறைவு. சின் மிங், உபி, காக்கி புக்கிட் பட்டறைகளில் கேட்டால் பொருத்தியும் தருவார்கள். லிட்டில் இந்தியா பக்கம் வருபவர்கள் முஸ்தபா சென்டரிலும் ஜாலான் புசார் வட்டார உதிரிபாகக் கடைகளிலும் விலையை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

எங்கு வாங்கினாலும் நான்கைப் பாருங்கள். பெட்டியில் தயாரிப்புத் தேதி இருந்தால் ஓராண்டுக்கு உட்பட்டதா? ரப்பரின் பொருள் என்ன என்று எழுதியிருக்கிறதா? விளிம்பு அலையலையாக இல்லாமல் நேராக இருக்கிறதா? கண்ணாடிச் சன்னலோரம் வெயில் படும் இடத்தில் மாட்டிவைத்த பெட்டியா? கடையில் தொங்கும்போதே ரப்பருக்கு வயதாகும்.

கோடும் ஓசையும் சொல்வது என்ன?

எல்லாக் கோளாறுக்கும் புது பிளேடு மருந்து இல்லை. வாங்குமுன் பழைய பிளேடு என்ன சொல்கிறது என்று பாருங்கள்.

மெல்லிய கோடுகள் விழுந்தால்: முதலில் ஈரத்துணியால் விளிம்பைத் துடைத்துப் பாருங்கள். மணலோ மரப்பிசினோ ஒட்டியிருக்கலாம். துடைத்த பிறகும் கோடு விழுந்தால் விளிம்பு கிழிந்திருக்கிறது. மாற்ற வேண்டும்.

பட்டையாக ஓரிடம் துடைபடாமல் போனால்: ரப்பர் கண்ணாடியில் படவில்லை. சட்டம் வளைந்திருக்கலாம், அல்லது பிளேடின் வளைவு பொருந்தவில்லை. பழைய கார்களில் கையின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். அப்படியானால் எத்தனை பிளேடு மாற்றினாலும் பயன் இல்லை.

தடதடவென்று அதிர்ந்தால்: ஒருபக்கமாகவே சாய்ந்து கிடந்து இறுகிய ரப்பர் மறுபக்கம் புரளவில்லை. கார் கழுவும்போது பட்ட மெழுகும் இதற்குக் காரணமாகலாம். கண்ணாடியைக் கழுவிய பிறகும் அதிர்ந்தால் ரப்பர் போய்விட்டது.

புகைபோல மங்கலாகத் தெரிந்தால்: கண்ணாடியில் எண்ணெய்ப் படலம். முன்னே செல்லும் வண்டிகளின் புகையும் சாலை எண்ணெயும் படிந்தது. கண்ணாடி துடைக்கும் திரவத்தால் அழுத்தித் தேய்த்துக் கழுவ வேண்டும்.

மாற்றும்போது கவனம்

பிளேடைக் கழற்றிய பின் வெறும் இரும்புக் கை ஸ்பிரிங் வேகத்தில் கண்ணாடிமேல் அடித்து விழுந்தால், விரிசல் விழுந்துவிடும். இருபது வெள்ளி மிச்சப்படுத்தப் போய்க் கண்ணாடியையே மாற்ற வேண்டிவரும். ஆகவே கழற்றுமுன் தடித்த துண்டு ஒன்றை மடித்துக் கண்ணாடிமேல் விரியுங்கள்.

சில கார்களில் வைப்பர் பானெட்டுக்கு அடியில் மறைந்திருக்கும். அவற்றை அப்படியே தூக்கினால் வண்ணப்பூச்சு உரியும். பராமரிப்பு நிலைக்குக் கொண்டுவரும் முறை கையேட்டில் இருக்கும். புது பிளேடின் விளிம்பைக் காக்கப் பிளாஸ்டிக் உறை மாட்டியிருப்பார்கள். அதைக் கழற்றிவிட்டு ஓட்டுங்கள். பொருத்தியதும் லேசாக இழுத்துப் பார்த்து, தண்ணீர் பீய்ச்சி, மெதுவான வேகத்தில் சில முறை ஓடவிட்டுச் சரிபாருங்கள்.

இரண்டு பக்கத்தையும் ஒன்றாகவே மாற்றுங்கள். ஒன்று கெட்டிருந்தால், அதே வெயிலில் கிடந்த மற்றொன்றும் பின்னாலேயே வரும். பின்கண்ணாடி வைப்பர் உள்ள கார்களில் அதையும் மறக்க வேண்டாம்.

ஆயுளைக் கூட்டும் பழக்கங்கள்

வாரம் ஒருமுறை, கார் கழுவும்போது அல்லது பெட்ரோல் போடும்போது, ஈரமான மைக்ரோஃபைபர் துணியால் ரப்பர் விளிம்பை நீளவாக்கில் துடையுங்கள். ஒரு நிமிட வேலை. விளிம்பில் ஒட்டிய மணலும் தேய்மானத்துக்கு ஒரு காரணம்.

காய்ந்த கண்ணாடியில் வைப்பரை ஓட்டாதீர்கள். மைனா எச்சம், தூங்குமூஞ்சி மரத்திலிருந்து விழும் பூ, இலை, பிசின் எதுவானாலும் முதலில் தண்ணீரில் ஊறவைத்துத் துணியால் எடுங்கள். வைப்பரால் தேய்த்தால் ரப்பரும் கிழியும், கண்ணாடியும் கீறும். தூறலில் இடைவெளி விட்டுத் துடைக்கும் நிலையைப் பயன்படுத்துங்கள்.

கண்ணாடிக்குத் தண்ணீர் பீய்ச்சும் தொட்டியில் பாத்திரம் கழுவும் சவர்க்காரம் ஊற்ற வேண்டாம். நுரையும் படலமும் கண்ணாடியில் தங்கும். இதற்கென விற்கும் திரவம் போதும். ஜோகூர் பாலம் தாண்டி வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் இரவில் செல்பவர்கள் தொட்டியை நிரப்பிக்கொண்டே புறப்பட வேண்டும். பூச்சிகள் கண்ணாடியில் அப்பிக்கொண்டால் வைப்பர் மட்டும் போதாது. அங்கே வேக வரம்பு 110 கிலோமீட்டர். நாம் முன்பு பார்த்த 1.3 விநாடியில் கார் 40 மீட்டர் போய்விடும்.

வெயிலில் நிறுத்தும்போது வைப்பரைத் தூக்கி நிறுத்தும் வழக்கம் பலரிடம் உண்டு. ரப்பர் சூடான கண்ணாடியில் ஒட்டாமல் இருக்கும் என்பது உண்மைதான். ஆனால், அப்போது ரப்பர் முழுவதும் நேர் வெயிலில் நிற்கிறது. காற்றடித்துக் கை விழுந்தால் கண்ணாடிக்கும் ஆபத்து. நிழலில் நிறுத்த இடம் தேடுவதே சிறந்த வழி.

நாள்காட்டியில் இரண்டு நாள்

உற்பத்தியாளர்கள் பலர் ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் மாற்றச் சொல்கிறார்கள். நம் ஊருக்கு அதை இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளலாம்.

முதல் நாள், செப்டம்பர் இறுதி. அக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடிமழையும் டிசம்பரில் வடகிழக்குப் பருவமழையும் தொடங்குமுன் புதிய ஜோடியைப் பொருத்திவிடலாம். ஆண்டில் அதிக மழை பெய்யும் மாதம் டிசம்பர்.

இரண்டாவது நாள், மார்ச் இறுதி. பிப்ரவரி, மார்ச் மாதங்களின் வறண்ட வெயிலில் காய்ந்த ரப்பரைச் சோதிக்க அதுவே நேரம். அதன்பின் ஏப்ரலின் இடிமழையும், தொடர்ந்து விடியற்காலையில் மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் சுமத்ரா சூறைக்காற்றும் வரும். 2021 ஏப்ரல் 17ஆம் தேதி பிற்பகல் மூன்று மணி நேரத்தில் மேற்கு சிங்கப்பூரில் 170.6 மில்லிமீட்டர் மழை கொட்டியது. ஏப்ரல் மாதம் முழுவதற்குமான சராசரியைவிட அது அதிகம். அப்படிப்பட்ட மழை முன்கூட்டிச் சொல்லிக்கொண்டு வருவதில்லை.

அத்தகைய மழையில் எவ்வளவு நல்ல வைப்பரும் திணறும். அப்போது வேகத்தைக் குறைத்து, முன்விளக்கைப் போட்டு, முன்னே செல்லும் வாகனத்துக்கும் உங்களுக்கும் வழக்கத்தைவிட இரு மடங்கு இடைவெளி விடுங்கள். முன்னே எதுவும் தெரியவில்லை என்றால், பாதுகாப்பான இடத்தில் ஒதுங்கி நிற்பதில் வெட்கம் இல்லை.

இன்று மாலை காரை நிறுத்தியதும் வைப்பரை மெல்லத் தூக்கி, விளிம்பை விரலால் மடக்கிப் பாருங்கள். இறுகியிருக்கிறதா, வெடித்திருக்கிறதா, ஒருபக்கம் சாய்ந்தே நிற்கிறதா? மூன்றில் ஒன்றுக்கு “ஆம்” என்றால், அடுத்த மழைக்குமுன் மாற்றிவிடுங்கள்.